உரிமையாளர் கனகவல்லி

குளுக் என்று ஒரு பெரிய குமிழி கேனுக்குள் ஏறி உடைந்தது. குருநாதன் திடுக்கிட்டுத் திரும்பினார். வக்கீல் ஆபீஸ் முன்னறையின் மூலையில் மர ஸ்டாண்டின் மேல் நீலக் கேன் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. யாரோ ஒருவர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். எந்தக் கம்பெனிக் கேன் என்று குருநாதன் கண் தானாகப் போய்த் தேடியது. பூக்காரி அடுத்தவள் கூடையைப் பார்க்காமல் இருப்பாளா, அந்த மாதிரி. நம்முடையது இல்லை. அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததை நினைத்ததும் வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் ஒரு தொழிலைச் செய்துவிட்டு, தன் கேன் இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் மூச்சு சீராக வருகிறது என்றால் அது என்ன பிழைப்பு. தொண்டை காய்ந்து கிடந்தது. எழுந்து போய் ஒரு டம்ளர் பிடித்துக் குடிக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் பக்கத்து நாற்காலியில் மனைவி கனகவல்லி இருந்தாள். அவள் மடியில் கைப்பை, பைக்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் பாட்டில், அதற்குள் காய்ச்சி ஆறவைத்த முனிசிபாலிட்டித் தண்ணீர். தண்ணீர்க் கம்பெனிக்கு முதலாளியம்மா, எங்கே போனாலும் வீட்டுத் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறாள். அவளிடம் அந்தப் பாட்டிலைக் கேட்கவும் முடியாது, அவள் முன்னால் கேன் தண்ணீரைக் குடிக்கவும் முடியாது. குருநாதன் எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜெரால்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. கம்பெனியை வாங்கப்போகிற பையன். பையன் என்ன பையன், முப்பது தாண்டியவன், குவைத்தில் ஏசி மெக்கானிக்காக வெந்து வேலை பார்த்துவிட்டு, இனிமேல் திண்டுக்கல்லை விட்டு அசையமாட்டேன் என்று வந்திருக்கிறான். முதல் தடவை கம்பெனியைப் பார்க்க வந்தபோது மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு டீக்கடையில் நின்றபோது, பெண் பார்க்க வந்தவன் மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டே, "அண்ணே, இந்தக் கேஸு கீஸுன்னு ஏதாவது..." என்று இழுத்தான். குருநாதன் அவன் தோளில் தட்டி, "கண்ணாடி மாதிரி தம்பி. நம்ம கம்பெனி கண்ணாடி மாதிரி" என்றார். என்ன அழகாக வந்தது அந்த வார்த்தை. யாரும் அடித்துக் கேட்கவில்லை, மிரட்டவில்லை. டீக்கடையில் நின்றுகொண்டு, வடையைப் பிட்டுக்கொண்டே, நோகாமல் வந்தது. அதோடு போயிருந்தால் தேவலை. இன்றைக்குக் காலையில் அவன் போன் செய்தான். "அண்ணே, வக்கீலம்மா கனகவல்லி அக்காகிட்ட நேராவே கேட்டு எழுதிக்கிடுவாங்களாம். மோசடி, கலப்படம், கோர்ட்டு, அபராதம் ஏதாச்சும் முன்னாடி இருந்துச்சான்னு. ஃபார்மாலிட்டிதான்ணே. பின்னால ஏதாச்சும் கிளம்புனா எழுதிக் குடுத்தவங்க மேலதான் வருமாம், அதான்." கேட்கட்டும் தம்பி, தாராளமா கேட்கட்டும் என்று குருநாதன் சொன்னார். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சட்டைப் பித்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுக்கொண்டு நின்றார். எழுதிக் கொடுத்தவர்கள் மேல். எழுதிக் கொடுக்கப்போவது அவர் இல்லை, கனகவல்லி. காரில் வரும்போது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்படி ஒரு கேள்வி கேட்பார்கள், நான் ஜெரால்டுகிட்ட பொய் சொல்லி வச்சிருக்கேன், நீ என்ன சொல்றே. ஒரு நிமிஷப் பேச்சு. பாலம் வேலை இன்னும் முடியவில்லை பார் என்றார். முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினார். பேச்சு அவள் பக்கம் போகும்போதெல்லாம் அதைத் திருப்பி வேறு தெருவில் விட்டார். அவளும் ம், ம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏன் அவள் பேர். அதையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது, கழுத்துக்குப் பின்னால் சட்டை லேபிள் உறுத்துகிற மாதிரி. பேங்க் மேனேஜர்தான் சொன்னார், மனைவி பேரில் போடுங்கள் சார், பெண் தொழில்முனைவோர் என்றால் மானியம் உண்டு, கடனும் சட்டென்று கிடைக்கும் என்று. ஊரில் பாதிக் கம்பெனி அப்படித்தான். அரிசி மில்லுக்குப் பெண்டாட்டி உரிமையாளர், அச்சாபீசுக்கு மாமியார் உரிமையாளர், யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. புத்திசாலித்தனம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். குருநாதனும் நினைத்தார். காகிதம் வந்தால் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு இன்ட்டு போட்டு வைப்பார். அவள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்த இன்ட்டு இருக்கிற இடத்தில் எல்லாம் க. கனகவல்லி என்று அழுத்தி எழுதுவாள். படிக்கமாட்டாள். ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில் இல்லை, கம்பெனி தொடங்கின புதிதில், "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "கரண்டுக்கு" என்றார். கரண்டுக்கு என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா. சொல்லியிருப்பார், எரிச்சலோடு. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு வருவாள். மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, குங்குமம் வைத்து, லோடு ஆட்டோக்காரர்களுக்குப் பொரிகடலை கொடுப்பாள். "முதலாளியம்மா, பொரி பத்தலை" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள், அவளுக்குச் சிரிப்பு தாங்காது. முதலாளியம்மா என்று கூப்பிட்டால் அவளுக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. அது குருநாதனுக்குத் தெரியும். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் இப்போது தாங்கமுடியவில்லை. ஒவ்வொரு கேன் லேபிளிலும் அடியில் சின்ன எழுத்தில் உரிமையாளர்: கனகவல்லி என்று இருக்கும். ஊர் முழுக்க, டீக்கடை, துணிக்கடை, டாக்டர் வீடு, எல்லா இடத்திலும் அவள் பேர் தண்ணீரில் நனைந்துகொண்டு நின்றது.

சில வருஷம் முன்னால் ஒரு கோடையில் மெம்பரேன் போய்விட்டது. உப்பையும் அழுக்கையும் வடிகட்டுகிற அந்தச் சுருள் கிழிந்துவிட்டால் மெஷின் ஓடும், சத்தம் வரும், விளக்கு எரியும், தண்ணீர் மட்டும் போர்வெல்லில் எப்படி வந்ததோ அப்படியே இந்தப் பக்கம் வந்து விழும். புதியது வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். கோடை. கல்யாண சீசன். ஒரு வாரம் மூடினாலே பிடித்த வீடெல்லாம் அடுத்த கம்பெனிக்குப் போய்விடும், திரும்பி வராது. எல்லோரும் இப்படித்தான் யோசிப்பார்கள். இல்லை. எல்லோரும் இப்படி யோசிப்பதில்லை, அவர் யோசித்தார். மூடாமல் ஓட்டினார். அதுகூடப் பரவாயில்லை என்று சில சமயம் தனக்குள் வாதாடிப் பார்த்திருக்கிறார். பதற்றத்தில் செய்தது, போர்வெல் தண்ணீரைத்தானே நம் அப்பன் பாட்டன் எல்லாம் குடித்தார்கள் என்று. வாதம் அங்கே வரைக்கும் நன்றாக நடக்கும். அதற்கப்புறம் அந்த டெஸ்ட் விஷயம் வந்து காலில் இடறும். மாதாமாதம் தண்ணீரை லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்க வேண்டும். அந்த மாதம் அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, தெரிந்த கடை வேண்டாம் என்று வத்தலக்குண்டு ரோட்டில் ரொம்ப தூரம் போய், ஒரு பெட்டிக்கடையில் பெரிய கம்பெனி பாட்டில் தண்ணீர் வாங்கினார். வீட்டுக்கு வந்து, அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, சமையலறையில் நின்று அதைத் தன் கம்பெனி பாட்டிலில் ஊற்றி மூடி சீல் வைத்தார். லேபுக்குப் போனது அந்தத் தண்ணீர். கை நடுங்கவில்லை. அதுதான் அசிங்கம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினார். ரிப்போர்ட் பளிச்சென்று வந்தது, ஃப்ரேம் போட்டு மாட்டலாம் போல. மறு மாதமும் அப்படியே. அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு வீட்டுக்குப் போன கேன்களில் குடித்தவர்கள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் போய் விழுந்தார்கள். வளையல் போட்டுக்கொண்ட பெண்ணுக்கும் டிரிப் ஏற்றினார்கள். நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நல்லவேளை என்று சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை. அந்தப் பெண்ணை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண் கிடப்பதை, முகமில்லாமல், எத்தனையோ தடவை பார்த்துவிட்டார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து நேராகக் குழாயிலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். குழாய்த் தண்ணீருக்கும் ரிப்போர்ட்டில் இருந்த தண்ணீருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கேஸ் வந்தது. சம்மன் வீட்டுக்கு வந்தது. கனகவல்லி பேருக்கு வந்தது.

இங்கே வந்ததும் நினைப்பு எப்போதும் நின்றுவிடும். முள் சேலையில் மாட்டின மாதிரி, இழுத்தாலும் வராது, விட்டாலும் போகாது. அன்றைய வக்கீல், நரைத்த மீசைக்காரர், குருநாதனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அம்மாவை விட்டு ஒத்துக்கச் சொல்லிடுங்க. அபராதத்தோட முடியும். நீங்க உள்ள வராதீங்க. ஜட்ஜ் கண்ணுல பட்டு, இவர் யாருன்னு கேட்டா வீண் வம்பு." அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வேலை அது. குருநாதன் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவி, டவலில் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணுமில்ல கனகா. போய் நிக்கணும். கேட்டா ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான்." அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஆமான்னு மட்டும் சொன்னாப் போதுமா?" என்றாள். பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் சரிபார்க்கிற பிள்ளை மாதிரி கேட்டாள். போதும் என்றார். மறுநாள் கோர்ட்டுக்கு, தம்பி மகள் காதுகுத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டாள். பெரிய இடத்துக்குப் போகிறோம் என்று தலையில் பூ வைத்துக்கொண்டாள். அவர் ஏன் தடுக்கவில்லை. பூ வேண்டாம் கனகா என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரை நிறுத்துகிற சாக்கில் வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிட்டார். அவள் வக்கீல் பின்னால் நடந்து போனாள். கோர்ட் அறை வாசலில் நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாக ஜோடியாக வைத்தாள். கோயிலுக்குப் போகிறவள் மாதிரி. அங்கே நின்ற கான்ஸ்டபிள் ஏதோ சொன்னார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், தப்புச் செய்துவிட்டவள் மாதிரி, உடனே குனிந்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து அது ஏன் அத்தனை தெளிவாகத் தெரிந்தது. அவர் அப்போது ஓடியிருக்கலாம். மரத்தடிக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம், ஒரு கிணற்றங்கரையைச் சுற்றி வருகிற தூரம்தான். நான்தான் சார், இவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் தடவை மனசுக்குள் ஓடியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அன்றைக்குச் செய்தது என்னவென்றால், ஒரு இளநீர் வாங்கிக் குடித்தார். வழுக்கையைக்கூட வெட்டித் தரச்சொல்லிச் சாப்பிட்டார்.

வெளியே வந்தவள் "முடிஞ்சிருச்சு" என்றாள். "என்ன கேட்டாங்க?" என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அவள் எப்படி நின்றாள், ஒன்றும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு ஜோடி கல் தோடு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அழகாயிருக்கு என்று வாங்கி பீரோவில் வைத்தாள். அது பீரோவிலேயே இருக்கிறது. பிறகு ஒரு நாள் காலையில் அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. என்ன சமையல் என்று கேட்டார். "தண்ணிங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் கேன் வருவதில்லை. மெஷினைச் சரிசெய்தாயிற்று, புது மெம்பரேன் போட்டாயிற்று, டெஸ்ட் எல்லாம் ஒழுங்காகப் போகிறது, சத்தியமாக ஒழுங்காகப் போகிறது. ஆனாலும் அவள் காய்ச்சுகிறாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். கொதிக்கிற தண்ணீரிடம் என்ன சொல்வது. தெரு மகளிர் குழுவில் அவள்தான் தலைவி. எல்லா வீட்டுப் பெண்களும் அக்கா அக்கா என்று வாசலில் வந்து நிற்பார்கள். கேஸுக்குப் பிறகு யாரோ, யார் என்று தெரியாது, "அக்கா, உங்க பேர்ல ஏதோ கோர்ட்டுல ஆயிருச்சாமே, குழு லோனுக்கு பேங்க்ல கேப்பாங்களோ?" என்று பக்குவமாகத்தான் கேட்டார்களாம். அவளே விலகிக்கொண்டாள். முழங்கால் வலி என்று குழுவில் சொன்னாள். முழங்கால் வலி என்று குருநாதனிடமும் சொன்னாள். அவர் நம்பினமாதிரி தைலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவர் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் இரண்டு நாள் அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். மனுஷன் இதற்கெல்லாம் செத்துப்போவதில்லை. இதுதான் பெரிய அதிசயம், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இன்னொருவனுக்குக் கண்ணாடி மாதிரி என்று சொல்லவும் முடிகிறது.

இப்போது உள்ளே கூப்பிடுவார்கள். இல்லை என்று அவளைச் சொல்லச் சொல்லலாம். ஒரு கண் ஜாடை போதும், அவள் சொல்லிவிடுவாள், கையெழுத்தும் போட்டுவிடுவாள். பிறகு என்றைக்காவது ஜெரால்டுக்குத் தெரிந்தால், தெரியாமலா போகும், ஏமாற்றி விற்றவள் கனகவல்லி. கலப்படம் பண்ணினவளும் கனகவல்லி, மறைத்து விற்றவளும் கனகவல்லி. முதல் தடவையாவது அவள் பேரை மாட்டிவிட்டது நடந்துபோன ஒன்று. இரண்டாவது தடவை தெரிந்தே மாட்டிவிடுவது. இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, சும்மா இருந்தாலே போதும், நடந்துவிடும். சும்மா இருப்பதில் அவருக்கு இணை யாருமில்லை. உண்மையைச் சொன்னால் வியாபாரம் போகும். பரவாயில்லை. போகட்டும். போகட்டுமா? விற்றுவிடுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், சர்க்கரை ஏறிக் கிடக்கிற உடம்பு கேன் தூக்குகிறவர்களை இனி மேய்க்காது. பார், மறுபடியும் காரணங்கள் வரிசை கட்டி வருகின்றன, எவ்வளவு சுறுசுறுப்பு. இப்போதே அவளிடம் சொல்லிவிடலாம். இப்போதே. கதவு திறப்பதற்குள்.

"கனகா."

"ம்?"

வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்தார்.

"ஃபேன் காத்து வருதா உனக்கு?"

"வருதே" என்றாள்.

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, எவர்சில்வர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். வெதுவெதுப்பாக, லேசாக எவர்சில்வர் வாசத்தோடு இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து, அண்ணாந்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். வக்கீல் பர்வீனுக்கு வயது குறைவு, குரல் கனம். எல்லோரையும் உட்காரச் சொல்லி, ஜெரால்டைத் தன் பக்கத்திலும் அவர்களை எதிரிலும் வைத்துக்கொண்டு, விற்பனை விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றொன்றாகப் படித்தார். குருநாதன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வக்கீல் ஒரு தடவைகூட அவர் தலையைப் பார்க்கவில்லை, கனகவல்லி தலையைத்தான் பார்த்தார். பிறகு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"மேடம், இது எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். கம்பெனி மேலயோ உங்க மேலயோ இதுக்கு முன்னாடி மோசடி, கலப்படம்னு ஏதாவது கேஸ், தண்டனை, அபராதம் இருந்துச்சா?"

குருநாதன் வாய் திறந்தது. மனசு தீர்மானித்து முடிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது, பழக்கம். "அப்படியெல்லாம்..." என்று அவர் காதிலேயே விழுந்தது.

"இருந்துச்சுங்க" என்றாள் கனகவல்லி.

ஜெரால்டு நிமிர்ந்தான். வக்கீல் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "சொல்லுங்க மேடம்" என்றார்.

"தண்ணி சுத்தம் பண்ணாம குடுத்ததுக்கு. வளைகாப்பு வீட்டுல நிறையப் பேருக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. அப்புறம் டெஸ்டுக்கு எங்க தண்ணிய அனுப்பாம, கடையில வாங்குன தண்ணிய ஊத்தி அனுப்புனதுக்கு." சமையல் குறிப்புச் சொல்கிறவள் மாதிரி, ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள். "ஒத்துக்கிட்டோம். அபராதம் கட்டியாச்சு. மெஷினெல்லாம் மாத்தியாச்சு. இப்ப நல்லா இருக்கு."

குருநாதன் அவள் பக்கம் திரும்பினார். பாட்டில் விஷயம். அதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டுத்தானே ஊற்றினார்.

"இது உனக்கு..." என்றார், பாதியில்.

"கோர்ட்டுல படிச்சாங்க" என்றாள் அவரைப் பார்க்காமல். "அந்த ஆபீசர் கண்டுபிடிச்சு எழுதுனதை ஒண்ணு விடாம படிச்சாங்க. நின்னு கேட்டேன். பாட்டில் வாங்கி ஊத்துனது உண்மையாம்மான்னு ஜட்ஜ் கேட்டாரு. எனக்கு அப்பத்தான் தெரியும். ஆமான்னு சொன்னேன். நீங்க ஆமான்னு சொல்லச் சொல்லியிருந்தீங்க."

ஜெரால்டு மெதுவாகக் குருநாதன் பக்கம் திரும்பினான். "அண்ணே, கண்ணாடி மாதிரின்னீங்களே" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அப்போதுதான் அது வந்தது. மரத்தடியிலிருந்து ஆயிரம் தடவை ஓடின ஓட்டம். "மேடம், நான்தான்" என்றார் குருநாதன். குரல் யாருடையதோ போல இருந்தது. "எல்லாம் நான் பண்ணது. மெஷின் கெட்டுப்போனதும் எனக்குத்தான் தெரியும். பாட்டில் வாங்கி ஊத்துனதும் நான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. கம்பெனிக்கே வரமாட்டா. கையெழுத்துப் போடச் சொன்னா போடுவா. இந்தத் தம்பிகிட்டப் பொய் சொன்னதும் நான்தான்." இன்னும் என்னென்னவோ சொன்னார். சொல்லச் சொல்ல உடம்பு இலேசாகும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். ஆகவில்லை. மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற ஒரு அறையில் வயசான ஒருவன் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

கனகவல்லி மடியில் இருந்த பையின் வாரைச் சரிசெய்தாள்.

"இதை அன்னிக்கு அங்க வந்து சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

அறையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. உள்ளே வராதே என்று அன்றைய வக்கீல் சொன்னார் என்று குருநாதன் சொல்லலாம். இளநீரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜெரால்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "எனக்கு இது தெரிஞ்சுதான் ஆகணும்ல அக்கா, நானும் நாலு பேருக்குத் தண்ணி குடுக்கப் போறவன்" என்றான் கனகவல்லியிடம். "நீங்க சொன்னதாலதான் நான் எந்திரிச்சுப் போகல. மெஷினை நான் ஒரு ஆளை வச்சுப் பாத்துக்கிடுறேன். மேடம், அக்கா சொன்னதை அப்படியே எழுதிருங்க. எழுதிட்டு முடிச்சிரலாம்."

வியாபாரம் போகவில்லை. அவர் பொய்யால் போயிருக்க வேண்டியது, அவள் வார்த்தையால் நின்றது. அந்தச் சந்தோஷத்தைக்கூட அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, அது வேறு யாருக்கோ வந்த பார்சல்.

வக்கீல் தட்டச்சு செய்தார், பிரின்டர் முனகியது. சூடாக வந்த தாளை எடுத்து வாய்விட்டுப் படித்தார். மேற்படி உரிமையாளர் தூய்மையற்ற குடிநீரை விற்றதற்காகவும், பரிசோதனைக்குப் போலியான மாதிரியை அனுப்பியதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் என்றும், அதனை வாங்குபவருக்கு மறைவின்றித் தெரிவித்துள்ளார் என்றும். உரிமையாளர், உரிமையாளர் என்று வரிக்கு வரி வந்தது. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் குருநாதன் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம்" என்றார். கெஞ்சல்தான், வேறு பேர் இல்லை அதற்கு. "அதுல என் பேரையும் எங்கயாவது போடுங்க. நான் பண்ணேன்னு ஒரு வரி. எங்கயாவது போட்டாப் போதும்."

"சார், தீர்ப்பு மேடம் பேர்ல இருக்கு. கம்பெனியில நீங்க பார்ட்னர் இல்ல, ஊழியர் இல்ல. எந்த இடத்துல நான் உங்களைக் கொண்டுவர முடியும்?" என்றார் வக்கீல். பிறகு, பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், தாளை அவர் பக்கம் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்துக் காட்டினார். "உங்க பேரு ஏற்கெனவே இருக்கே சார்."

குருநாதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். திருமதி கனகவல்லி, கணவர் பெயர் குருநாதன் என்று இருந்தது. அதற்குக் கீழே தாள் முழுக்க அவர் செய்தது எல்லாம் இருந்தது. அவர் பேர் வேறெங்கும் இல்லை.

"பாத்துட்டீங்களா?" என்றாள் கனகவல்லி. "பேனாவைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் கையில் கொடுத்தார். அவள் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். அவள் படித்து முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.